பொதுநிறம்

முதல் படம் வவுனியாவில் எடுத்தது.
ரசீது எழுதும்போதே ஸ்டூடியோக்காரர் கேட்டார்,
'வெளிநாட்டுக்கோ?'
மூன்றாம் நாள் உறையைத் திறந்தால்
என் கண், என் மூக்குத்தி, தங்கச்சியின் சேலை.
முகத்தை மட்டும் யாரோ பாலூற்றிக் கழுவியிருந்தார்கள்.
தரகரின் குறிப்பில் கடைசி வரி: பொதுநிறம்.
சூரிச் விமானநிலையத்தில் அவர்
படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.
நல்ல மனிதர். அதைப்பற்றி
இருபத்தாறு வருடமாக ஒரு சொல் சொன்னதில்லை.

இரண்டாம் படத்துக்குப் பாசலில் உட்கார்ந்தேன்,
ரிப்பன் ஆலையாக இருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடி.
தாயைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்த நொயெமி
துணிவண்டி தள்ளிப்போன என்னை
லிஃப்டில் பிடித்துக் கேட்டிருந்தாள்.
சுவரில் ஓர் அச்சுப்பிரதி:
நானூறு வருடத்துக்கு முந்தைய ஒருத்தி,
கறுப்புப் பட்டு,
கழுத்தைச் சுற்றித் தட்டுப்போல வெள்ளைக் கொசுவம்,
அதன்மேல் பரிமாறி வைத்த தலை.
'இதேபோல இருங்கள், ஆனால் நீங்களாக.'
சொல்வது சுலபம்.

கழுத்துப்பட்டிக்கு அவள் காகிதம் மடித்து வைத்திருந்தாள்.
பத்தொன்பது வருடம், நாளுக்கு எண்ணூறு தலையணை உறை
பார்த்த கை இது. பொறுக்கவில்லை.
கழித்துப்போட்ட உறைகளில் நாலை வீட்டுக்குக் கொண்டுவந்து
சோறு வடித்த கஞ்சியில் தோய்த்து
அகப்பைக் காம்பில் சுருட்டிச் சுருட்டி
ஈரம் போகுமுன் இஸ்திரி போட்டேன்.
நின்றது.
அணிந்தபின் தலை குனிய முடியவில்லை.
பெரிய இடத்துப் பெண்கள் நிமிர்ந்திருந்தது
குணத்தால் அல்ல, கஞ்சியால்.

நிறம் கலக்கும்போதுதான் பயந்தேன்.
ஒரு குழாயில் 'தோல் நிறம்' என்று ஜெர்மனில் இருந்தது.
உள்ளே பன்றிக்குட்டி.
அதைத் தள்ளி வைத்துவிட்டு
சுட்ட மண், காவி, கரும்பச்சை,
ஒரு பொட்டுச் சிவப்பு,
நெற்றியில் நீலம்.
'நீலமா?'
'இருக்கிறது. ஜன்னலடியில் வந்து பாருங்கள்.'
கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தேன். இருந்தது.
தாடைக்குக் கீழே கத்தரிப்பூகூட இருந்தது.
தட்டில் ஒன்பது எண்ணினேன்.
பொது என்று ஒன்றைக் காணவில்லை.

நடுவில் ஒரு சண்டை.
பின்னணியில் மயிலும் தாமரையும் வேண்டுமாம்.
எங்கள் குடியிருப்பில் நாய்கூட வளர்க்க விடமாட்டார்கள்,
மயிலுக்கு எங்கே போவேன் என்றேன்.
சிரித்து அழித்தாள்.
ஆனால் வலது மணிக்கட்டில் இஸ்திரி உருளை சுட்ட தழும்பை
லேஸ் வைத்து மூடியபோது நான் சிரிக்கவில்லை.
'வவுனியாவில் ஒருவர் இருக்கிறார்,
அவரிடம் கொடுத்திருப்பேனே' என்றேன்.
அவளுக்கு விளங்கவில்லை. லேஸைச் சுரண்டினாள்.

கடைசி நாள் பெயர் கேட்டாள்.
அச்சுப்பிரதியின் அடியில் அந்தப் பெண்ணுக்கு
'சாயக்காரர் ஒருவரின் மனைவி' என்று மட்டும் இருந்தது.
சலவைக்கூடத்தில் நான் யோகா,
மூச்சுப்பயிற்சியைக் கூப்பிடுவதுபோல.
அடையாள அட்டையில் எனக்கு மாமனாரின் பெயர்.
தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன்: யோகாம்பிகை.
கொடி வரைவதுபோலப் பார்த்துப் பார்த்து வரைந்தவள்
மகரத்தின் புள்ளியை விட்டுவிட்டாள்.
தூரிகையை வாங்கி நானே வைத்தேன்.
கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

காப்புறுதி நிறுவனம் ஒன்று வாங்கியதாம்,
ஐந்தாம் மாடி, கூட்ட அறைக்குப் போகும் வழி.
ஒரு சனிக்கிழமை இவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.
வரவேற்பில் இருந்த பையன் நுழைவட்டை கேட்டான்.
இல்லை.
'யாரைப் பார்க்க வேண்டும்?'
'யோகாம்பிகையை.'
எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லித்
தட்டச்சு செய்தான், தேடினான், உதட்டைப் பிதுக்கினான்.
'அப்படி ஒருவர் இங்கே வேலை செய்யவில்லையே.'

உண்மைதான் தம்பி.
இங்கே நான் உட்கார்ந்திருக்கிறேன்.